எட்டுப் பதாகை, ஐம்பது மீட்டர் காடா

ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களுக்கு உலகத்தார் எப்படித் துணை நின்றார்கள் என்று நம்மூரில் ஒரு கண்காட்சி வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஃபிளெக்ஸ் கடைக்குப் போகிறார்கள். தலைவர்கள் முகத்தை இணையத்திலிருந்து இறக்கி, பத்துக்கு ஆறு அடியில் அடித்துக் கட்டிவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர் மண்டேலாவைத் தவிர யாரையும் அடையாளம் தெரியாமல் ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விடுகிறார். இந்தக் குறிப்பு வேறு வழியைச் சொல்கிறது. சோமனூர், பல்லடம் பக்கம் கிடைக்கும் காடாத் துணி, திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை, எட்டே எட்டுப் படம். ஒரே வேலையில் ஐந்து செட் அடித்தால் ஐந்து ஊருக்குப் போகும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் செலவு ஸ்கிரீனில்தான் இருக்கிறது, துணியில் இல்லை. ஒரு செட் மட்டும் அடிப்பது வீண்.

எதைப் படமாக்குவது

முகம் வேண்டாம், பொருள் வேண்டும். ஆப்பிரிக்க விடுதலைக்கான ஆதரவு பேச்சோடு நின்றதில்லை. யாரோ ஒருவர் ஒரு பழத்துக்குப் பில் போட மறுத்தார், யாரோ ஒரு கப்பலில் கை வைக்க மறுத்தார்கள். மில்லிலும் தறியிலும் கடையிலும் நின்று பழகியவர்களுக்கு அது சொல்லாமலே புரியும். கீழே உள்ள எட்டும் அப்படிப் பொறுக்கியவை.

ஒன்று, மூட்டை. சுதந்திரம் வருவதற்கு முன்பே, 1946-ல், இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதத்தை ஐ.நா.வுக்கும் கொண்டுபோனது. இரண்டு, காப்பிக் கொட்டை. அங்கோலாவில் 1961-லிருந்து போர்த்துகீசியரை எதிர்த்து ஆயுதப் போர். 1972-ல் நெதர்லாந்தில் அங்கோலா கமிட்டி, அந்நாட்டுக் காப்பியை வாங்காதே என்று இயக்கம் நடத்தியது. மூன்று, பாஸ்போர்ட் அளவுப் படம். தென்னாப்பிரிக்கக் கறுப்பர்கள் கட்டாயம் சுமக்க வேண்டிய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாஸ் புத்தகத்துக்குத் தங்கள் கம்பெனியின் போலராய்டு கேமரா பயன்படுகிறது என்று 1970-ல் அமெரிக்காவில் அதன் தொழிலாளர்களான கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் கண்டுபிடித்துக் கிளர்ச்சி செய்தார்கள். கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற 1977 ஆயிற்று. நான்கு, டென்னிஸ் பந்து. 1974 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆடவே இல்லை, கோப்பையை விட்டுக்கொடுத்தது. அந்த அணியில் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்தார்கள்.

ஐந்து, சரக்கு தூக்கும் கொக்கி. 1984-ல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் நெட்லாய்டு கிம்பர்லி என்ற கப்பலில் வந்த தென்னாப்பிரிக்கச் சரக்கைப் பதினொரு நாள் இறக்கவில்லை. ஆறு, பழம். அயர்லாந்தின் டப்ளினில், தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்த கடை ஊழியர்களின் வேலைநிறுத்தம், 1984 ஜூலை முதல் 1987 ஏப்ரல் வரை. ஏழு, ஸ்குவீஜி, அதாவது ஸ்கிரீனில் மை இழுக்கும் ரப்பர் பட்டை. போட்ஸ்வானா தலைநகர் கபரோனியில் மெடு என்ற கலைஞர் குழு நிறவெறிக்கு எதிரான சுவரொட்டிகளை இதே பட்டுத்திரை முறையில் அடித்தது. 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி வந்து தாக்கியதில் இறந்த 12 பேரில் அக்குழுவின் ஓவியர் தாமி ம்னியெலேயும் ஒருவர். திருப்பூரில் இந்தப் பதாகை முன்னால்தான் பிரிண்டிங் ஆட்கள் நிற்பார்கள்.

எட்டாவது மேற்கு சகாரா. 1963-லிருந்து ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியலில் இருக்கிறது. ஸ்பெயின் போனதும் மொராக்கோ வந்தது. பொதுவாக்கெடுப்பு நடத்துவதற்கென்று 1991-ல் ஐ.நா. குழு போனது, வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. அங்கு விடுதலை கேட்பவர்கள் அறிவித்த குடியரசை இந்தியா 1985-ல் அங்கீகரித்து 2000-ல் திரும்பப் பெற்றது. இதற்குப் படமே போடாமல் வரைபடத்தின் வெளிக்கோடு மட்டும் அடியுங்கள். மீதி வெறும் காடா. "இதென்னங்க, பிரிண்ட் விழலையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

நாற்பது சொல்

ஒரு பதாகைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். காரணம் துணிதான். காடாவின் முரட்டு இழையில் சிறு எழுத்து பிசிறும். ஐந்தடி தள்ளி நின்று படிக்க எழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். அந்த அளவில் 32 அங்குல அகலத்துக்கு வரிக்கு ஆறு சொல் பிடிக்கும். நாற்பது சொல் ஏழு வரி, ஒன்பது அங்குல உயரத்தில் அடங்கும்.

முதல் வாக்கியத்தில் ஆப்பிரிக்கர்தான் வர வேண்டும். யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்று. இதைத் தவறவிட்டால் வெள்ளைக்காரர் நல்லவர், இந்தியர் நல்லவர் என்ற கதையாகக் கண்காட்சி முடிந்துவிடும். தென்னாப்பிரிக்கப் பொருளை வாங்காதீர்கள் என்று பிரிட்டன் மக்களைக் கேட்டு 1959 டிசம்பரில் வெளியான வேண்டுகோளில் முதல் பெயர் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் அன்றைய தலைவர் ஆல்பர்ட் லுதுலி. லண்டனில் நடந்த புறக்கணிப்பு இயக்கம் தென்னாப்பிரிக்கர் கேட்ட வழியில்தான் போனது. டப்ளின் பதாகைக்கு ஒரு மாதிரி:

"நிறவெறி நாட்டுப் பொருளை வாங்காதீர் என்று கேட்டவர்கள் தென்னாப்பிரிக்க மக்கள். 1984 ஜூலையில் டப்ளின் கடை ஒன்றில் கல்லாவில் இருந்த மேரி மேனிங், தென்னாப்பிரிக்கப் பம்ப்ளிமாசுக்குப் பில் போட மறுத்தார். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோழிகள் வெளியே வந்தார்கள். 1987-ல் அயர்லாந்து அரசே அந்த இறக்குமதியைத் தடுத்தது."

முப்பத்து மூன்று சொல், போதும். அந்தப் பழம் கிரேப்ஃப்ரூட். அதைத் திராட்சை என்று மொழிபெயர்த்து, படத்திலும் ஒரு குலை திராட்சையை வரைந்துவிடும் விபத்து எளிதில் நடக்கும். பம்ப்ளிமாஸ் அதன் நெருங்கிய உறவுக்காரப் பழம், வயசானவர்களுக்கும் சட்டென்று பிடிபடும்.

இன்னும் சில இடறல்கள். ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்லை, ஒவ்வொரு பதாகையிலும் நாட்டின் பெயர் இருக்கட்டும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் புழங்கிய "நீக்ரோ" வேண்டவே வேண்டாம். "நிறவெறி" எல்லாருக்கும் புரியும் சொல், ஆனால் அது மனதில் உள்ள வெறுப்பை மட்டும் சொல்கிறது. சட்டம் போட்டுப் பிரித்து வைத்ததைச் சொல்லும் இடத்தில் "இன ஒதுக்கல் சட்டம்" என்று ஒருமுறையாவது எழுதுங்கள். சட்டம் என்று தெரிந்தால்தான் பாஸ் புத்தகம் புரியும். கொடி வரைய ஆசை வரும், விட்டுவிடுங்கள். மேற்கு சகாராக் கொடியைப் பாலஸ்தீனக் கொடி என்றே பாதிப்பேர் சொல்வார்கள், இரண்டு நிறத்தில் அதை அடிக்கவும் முடியாது. ஆப்பிரிக்க விடுதலையை ஆதரித்த பழைய கியூபா, மெடு சுவரொட்டிகளை அப்படியே நகலெடுப்பதும் கூடாது. உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அந்தக் கோடுகள் தாளுக்காக வரைந்தவை, காடாவில் நிற்காது. உள்ளூர்ப் பனியன் டிசைனர் ஒருவரிடம் பொருளைச் சொல்லி வரையச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துருவில்தான் பாதி வேலை கெடும். பட்டறைக் கம்ப்யூட்டரில் உங்கள் யூனிகோட் எழுத்துரு இருக்காது. திறந்தால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் கிடக்கும். கோரல் டிராவில் எழுத்தைக் கர்வ் (வெறும் படக்கோடு) ஆக்கிவிட்டுக் கொடுங்கள். கனமான எழுத்துரு எடுங்கள், மெலிந்த கோடு துணியில் அறுந்துபோகும். புள்ளிகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, ண, ஞ, ணை இவற்றின் சுழிகளைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மை அடைத்துக் கரும்பொட்டாக நிற்கும். ஸ்கிரீனுக்கான ஃபிலிம் போடுமுன் தாளில் ஒரு பிரதி எடுத்து, இந்த விஷயமே தெரியாத ஒருவரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம் திருத்த வேண்டிய இடம்.

துணி

பனியன் துணி கையிலேயே இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். பின்னலாடை தொங்கினால் இழுபடும், நாலே நாளில் படம் நீண்டு தொங்கும். நெய்த காடாதான் சரி. 48 அங்குல அகலம், 50 மீட்டர்.

காடா பாவில் கஞ்சி இருக்கும். அதோடு அடித்தால் மை கஞ்சியின்மேல் உட்காருமே தவிர நூலில் பிடிக்காது, முதல் துவைப்பில் உரிந்துவரும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுங்கள். மறுநாள் கல்யாண அண்டாவில் லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடா, 2 கிராம் சோப்புத்தூள் கணக்கில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, நன்றாக அலசுங்கள். துணி ஏழெட்டுக் கிலோ வரும், இரண்டு தடவையாகப் போடுவது வசதி. காய்ந்ததும் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். ஊதாக் கறுப்பாக மாறினால் கஞ்சி இன்னும் இருக்கிறது, திரும்பக் கொதிக்க வைக்க வேண்டும். பழுப்பாகவே நின்றால் சரி. தண்ணீர்ச் சொட்டு வைத்தும் பார்க்கலாம்: உருண்டு நிற்காமல் உடனே உள்ளே இழுக்க வேண்டும்.

துவைத்த பிறகுதான் வெட்டுவது. 50 மீட்டர் சுருங்கி 47-க்குப் பக்கம் வரும். 40 அங்குலத்துக்கு ஒரு வெட்டு, 46 துண்டு கிடைக்கும். நாற்பது பதாகைக்குப் போக ஆறு துண்டு சோதனைக்கும் சேதாரத்துக்கும். துணியின் அகலம்தான் பதாகையின் உயரம். மேலும் கீழும் கம்பி நுழையும்படி இரண்டங்குலம் மடித்துத் தைத்தால், சுருக்கமும் போக 42 அங்குலம் நிற்கும். படத்துக்கு 20க்கு 26, கீழே எழுத்துக்கு 32க்கு 9.

ஸ்கிரீனும் மையும்

எல்லாப் பதாகைக்கும் ஒரே இரண்டு நிறம்: செங்காவியும் கறுப்பும். மூன்றாவது நிறம் துணியே. ஒரு பதாகைக்குப் படத்துக்கு இரண்டு, எழுத்துக்கு ஒன்று என்று மூன்று ஸ்கிரீன். எட்டுக்கு 24. ஆறு சட்டம் இருந்தால் போதும், இரண்டு பதாகை முடிந்ததும் எமல்ஷனை (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) உரித்துவிட்டுத் திரும்பப் பூசலாம். படத்துக்கு 43 டி மெஷ் (சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலை), எழுத்துக்கு 61 டி. எழுத்து கூராக விழட்டும் என்று அதற்கும் மேலே போனால் தண்ணீர் மை வலைக்கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் மைக்குத் தாங்கும் எமல்ஷன் கேட்டு வாங்குங்கள். துணிப்பக்கம் இரண்டு பூச்சு, மைப்பக்கம் ஒரு பூச்சு, இருட்டில் படுக்கவைத்துக் காயவிடுவது. எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டுவது என்பது விளக்குக்கு விளக்கு மாறும். எனவே முதல் ஸ்கிரீனில் ஒரு அட்டையை ஐந்து படியாக நகர்த்திச் சோதித்துவிடுங்கள். கழுவும்போது எமல்ஷன் மொத்தமாக வழிந்தால் வெளிச்சம் பற்றவில்லை. சுழிகள் திறக்கவே இல்லையென்றால் அதிகம். பைக்ரோமேட் கலந்த எமல்ஷனானால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழுவின தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். நொய்யலுக்கு வேண்டிய மட்டும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டிக்கே போகட்டும்.

பிரிண்டிங் பேஸ்ட் (நிறம் கலக்கும் கூழ்) நான்கு கிலோ போதும், ஸ்கிரீனில் ஒட்டி நிற்பதையும் சேர்த்து. கிலோவுக்கு 50 கிராம் பிக்மென்ட், கறுப்புக்கு 80 வரை போகலாம். இன்னும் கருகருவென்று வேண்டுமென்று மேலே போட்டால் பேஸ்டில் உள்ள பைண்டர் (ஒட்டும் பசை) பிடிக்காமல் நிறம் கையில் ஒட்டும். ஃபிக்சர் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கலந்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். முதலில் காவி, காய்ந்ததும் கறுப்பு. கறுப்புக் கோடு காவியின்மேல் ஒரு மில்லிமீட்டராவது ஏறி நிற்கும்படி படத்தைத் தயார் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் இடையில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். ஸ்குவீஜி இரண்டு இழுப்பு. இழுத்து முடித்ததும் ஸ்கிரீனைச் சும்மா வைக்காமல் மேலே ஒரு மைப்படலம் பரப்பிவிடுங்கள். மேசைக்கு மேலே ஃபேன் ஓடக் கூடாது. சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்குள் எழுத்து ஸ்கிரீன்களை முடிப்பது நல்லது.

150 டிகிரியில் நான்கு நிமிடம் கியூரிங், அதாவது மையைச் சூட்டில் இறுக்குவது. மெஷின் உள்ள இடத்தில் கொடுத்து வாங்குவதுதான் நிம்மதி. தேய்ப்புப்பெட்டியால் செய்வதானால் ஒருநாள் காயவிட்டு, பருத்திச் சூட்டில், மேலே ஒரு துணி போட்டு, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம். அவசரப்படும் இடம் இதுதான். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், நிறம் வந்தால் இன்னும் வேகவில்லை.

எப்போது, எங்கே

மே 25 ஆப்பிரிக்க நாள். 1963-ல் அன்றுதான் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்கியது. ஆனால் அது வைகாசி, முகூர்த்தக் காலம், மண்டபம் கிடைக்காது, பள்ளியும் லீவு. ஜூலை 18 மண்டேலா நாள். அது ஆடி பிறந்த கையோடு வரும். மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையில் பேச இடமுண்டு, பள்ளிக்கூடமும் நடக்கும். தொல்லை ஒன்றே ஒன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஜன்னல் திறந்த மண்டபத்துக்குள் பதாகையைச் சுழற்றி அடிக்கும். மேல் மடிப்பில் பிவிசி பைப், கீழ் மடிப்பில் அரை அங்குல ஜிஐ பைப். கீழ் பைப்பின் இரண்டு முனையையும் கயிற்றால் கட்டிவிடுங்கள். கண் மட்டத்துக்கு எழுத்து வர, கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி.

மண்டபத்துக்குள் வைத்தால் மண்டபக்காரரின் சம்மதம் போதும். வாசலுக்கு வெளியே ஒரு பதாகை தொங்கினாலும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டு நண்பர் யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. இந்த வேலைக்கு அவ்வளவு பணமும் வேண்டியதில்லை.

ஒவ்வொரு பதாகைக்குக் கீழும் ஒரு ஸ்டூல், அதன்மேல் அந்தப் பொருள்: ஒரு பம்ப்ளிமாஸ், ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டை, பழைய டென்னிஸ் பந்து, பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று. படம் பொது ஆளுடையதாக வேண்டாம், விளக்கம் சொல்கிற தொண்டர் தன்னுடையதையே வைக்கட்டும். பிள்ளைகள் கொட்டையை முகர்ந்து பார்ப்பார்கள், பந்தைத் தட்டுவார்கள். தடுக்காதீர்கள், சாயங்காலம் வேறு கொட்டை போட்டுக்கொள்ளலாம்.

கேள்விகள்

விளக்கம் சொல்ல எட்டுப் பேர் வேண்டாம், இரண்டு பேர், மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு. வந்தவர் படித்து முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

"ஏனுங்க, காந்திதானே இதெல்லாம் ஆரம்பிச்சாரு?" என்பது நிச்சயம் வரும். தில்லையாடி வள்ளியம்மையும் வருவார். இருவருமே தென்னாப்பிரிக்காவில் இந்தியர் உரிமைக்காகப் போராடியவர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போங்கள். 1947 மார்ச் 9 அன்று அங்குள்ள இந்தியர் அமைப்புகளான இந்தியர் காங்கிரசுகளின் தாதூவும் நாயக்கரும், ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் அன்றைய தலைவர் சூமாவும் சேர்ந்து போராட ஒப்பந்தம் போட்டார்கள். மூவரும் டாக்டர்கள். லுதுலியின் 1959 வேண்டுகோளில் கையெழுத்திட்ட இன்னொருவர் இதே நாயக்கர்தான். தனிப் போராட்டம் பொதுப் போராட்டமான இடம் அது.

"பழம் வாங்காட்டி ஒரு அரசாங்கம் விழுந்துருமா?" விழாது என்றே பதில் சொல்லுங்கள். விழவைத்தவர்கள் அந்நாட்டு மக்கள். வெளியிலிருந்து வந்தது துணை. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவில் நடந்த போர்தான் 1974-ல் போர்த்துகல் ராணுவமே தன் அரசைக் கவிழ்க்கும் அளவுக்குக் கொண்டுபோனது. காப்பிப் பதாகையின் முன்னால் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

பாஸ் புத்தகத்தின் முன்னால் வேறொரு கேள்வி வரும். மெதுவாக, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "அப்ப நம்மூர்ல டீக்கடையில ரெண்டு கிளாஸ் வெச்சிருந்தது?" சுற்றி வளைக்காதீர்கள். "ஆமாங்க, அதுவும் பிரிச்சு வெச்சதுதான்" என்று சொல்லிவிட்டு, அவர் மேலே பேசினால் கேளுங்கள். பதாகை எழுத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் சிலர் உள்ளேயே வரமாட்டார்கள், வந்தவரும் தானாகக் கேட்கும் வாய்ப்புப் போய்விடும். கேட்டவரைப் பதில் இல்லாமல் அனுப்புவதுதான் கூடாது.

கழற்றும்போது

மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்த இடத்தில் கறுப்பு வெடிக்கும். மேல் பிவிசி பைப்பிலேயே, படம் உள்பக்கமாக, இடையில் பழைய காடாத் துண்டு வைத்துச் சுருட்டினால் எட்டும் ஒரே சாக்கில் போகும். வசம்பு இரண்டு துண்டு போட்டால் பூச்சி வராது, நாஃப்தலீன் உருண்டை வேண்டாம். சாக்கின் வாயில் ஒரு நோட்டு கட்டிவிடுங்கள்: எந்த ஊர், எந்த நாள், எந்தப் பதாகையில் என்ன கறை, யாரும் பதில் சொல்ல முடியாத கேள்வி எது. அடுத்த ஊர்க்காரர்கள் ஜிஐ பைப்பை மறந்துவிட்டுத்தான் வருவார்கள், அதையும் சேர்த்தே கட்டிக் கொடுங்கள்.